பூட்ஸிலிருந்து தொடங்குங்கள்: போர் நாவல் படிக்கப் புதிதாக வருபவர்களுக்கு

யாங்கூன் பான்சோடன் தெரு நடைபாதையில் பழைய புத்தகங்களைக் கிளறுகிறவர்களுக்கு ஒரு போர்ப் புத்தகமாவது கண்ணில் படாமல் போகாது. அட்டை பிய்ந்திருக்கும், ஓரம் கரையான் தின்றிருக்கும். அப்படி ஒரு நாவலை எங்கள் தெருத் தம்பி ஒருவன் என்னிடமிருந்து வாங்கிப் போனான். நாலாம் நாளே திருப்பிக் கொண்டுவந்தான்.

"நாற்பது பக்கம் படித்துவிட்டேன் அண்ணா, இன்னும் சண்டையே வரவில்லை."

அவன் வைத்துவிட்டுப் போனது நல்ல நாவல். நாற்பது பக்கமும் சிப்பாய்கள் சாப்பிடுகிறார்கள், சொறிகிறார்கள், மழையில் நிற்கிறார்கள், கடிதத்துக்குக் காத்திருக்கிறார்கள். போர் அதற்குள் தொடங்கிவிட்டது, அவனுக்குத்தான் தெரியவில்லை. அவனுக்குச் சொல்ல நினைத்ததை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

புத்தகத்தைத் திறப்பதற்கு முன் ஒரு சொல்லை மாற்றிக்கொள்ளுங்கள்

படைக்குப் போனவனை நாம் யோசிக்காமல் 'வீரன்' என்கிறோம். அந்தச் சொல்லுக்குள்ளேயே தீர்ப்பு இருக்கிறது. படிக்கும்போது 'சிப்பாய்' என்று மனத்துக்குள் மாற்றிக்கொள்ளுங்கள். சிப்பாய் பயப்படலாம், வயிற்றுப்போக்கால் துவளலாம், செத்தவன் பையிலிருந்து சிகரெட் எடுக்கலாம். வீரன் இதையெல்லாம் செய்தால் நமக்கு முகம் சுளிக்கிறது.

இது நம் வளர்ப்பின் கோளாறு. கோயில் மாலை வகுப்பில் தமிழ் படித்த என் வயதுக்காரர்களுக்கு, ஒரே மகனின் கையில் வேலைக் கொடுத்துப் போருக்கு அனுப்பிய புறநானூற்றுத் தாய் மனப்பாடம். போர்க்களத்தில் ஆயிரம் யானைகளை வென்றவனுக்குத்தான் பரணி என்று இலக்கணமே உண்டு. கலிங்கத்துப்பரணியில் பேய்கள் களத்திலேயே கூழ் அடுகின்றன. படிக்கப் படிக்க ரத்தம் சூடேறும். ஆனால் அவை பெரும்பாலும் வென்றவன் காதில் விழுவதற்காகப் பாடப்பட்டவை.

நம்மிடமே வேறொரு பாட்டும் இருக்கிறது. முல்லைப்பாட்டு 103 அடிகள்தான். அதில் பாசறையில் இருக்கும் அரசனுக்குத் தூக்கம் வரவில்லை. வெட்டுப்பட்ட யானைகளை நினைக்கிறான், தனக்காக உயிர்விட்டவர்களை நினைக்கிறான். அம்பு தைத்ததால் காதைச் சாய்த்துக்கொண்டு தீனி தின்னாமல் வாடி நிற்கும் குதிரைகளையும் நினைக்கிறான். தின்னாத அந்தக் குதிரையைக் கண்ணில் வைத்துக்கொண்டு போர் நாவலுக்குள் போங்கள். ஆயிரம் யானைகளை வெளியே கட்டிவிடலாம்.

முதல் நாவலும் ஒரு பென்சிலும்

தொடக்கத்துக்கு நான் எப்போதும் ஒரே புத்தகத்தைத்தான் கையில் கொடுப்பேன். எரிக் மரியா ரெமார்க் எழுதி 1929இல் வந்த ஜெர்மன் நாவல், ஆங்கிலத்தில் 'ஆல் கொயட் ஆன் த வெஸ்டர்ன் ஃபிரன்ட்'. நடப்பது ஐரோப்பாவில், முதல் உலகப் போரில். பர்மாவிலிருந்து ஏன் அவ்வளவு தூரம் போக வேண்டும் என்று கேட்பார்கள். நம் ஊர்ப் போர் என்றால் தாத்தா எந்தப் பக்கம், பெரியப்பா எந்தப் பக்கம் என்று மனம் உடனே கட்சி பிரியும். முதல் புத்தகத்தில் அந்தச் சுமை வேண்டாம்.

அந்த நாவல் தொடங்குவது வயிறு நிறைந்த ஒரு பகலில். சமையற்காரன் 150 பேருக்குச் சமைத்து வைத்திருக்கிறான், முன்னணியிலிருந்து திரும்பியவர்கள் 80 பேர். ஆளுக்கு இரட்டைப் பங்கு. அத்தனையையும் பரிமாற மாட்டேன் என்று அவன் முறைக்கிறான், இவர்கள் சண்டை பிடிக்கிறார்கள். மீதி எழுபது பேருக்காக அங்கே யாரும் ஒப்பாரி வைக்கவில்லை. அந்த எழுபது பேரும் தட்டில் கூடுதலாக விழும் அவரையாகத்தான் நமக்குத் தெரிகிறார்கள்.

கொஞ்சம் தள்ளி, கால் வெட்டி எடுக்கப்பட்ட கெம்மரிக் ஆஸ்பத்திரிக் கட்டிலில் செத்துக்கொண்டிருக்கிறான். பார்க்க வந்த நண்பன் முல்லரின் கண் கட்டிலடியில் இருக்கும் நல்ல தோல் பூட்ஸின் மேல் போகிறது. முல்லர் கெட்டவன் இல்லை. கால் இல்லாதவனுக்கு பூட்ஸ் எதற்கு என்று யோசிக்கிறான், அவ்வளவுதான். பிறகு அந்த பூட்ஸ் முல்லருக்குப் போகிறது. முல்லர் சாகிறான், கதை சொல்லும் பாலுக்கு வருகிறது. பாலும் அடுத்து அது யாருக்கு என்று சொல்லி வைத்துவிடுகிறான். எனக்கு அந்த நாவலில் பீரங்கிச் சத்தம் மறந்துவிட்டது, பூட்ஸ் மறக்கவில்லை.

இப்போது பென்சிலை எடுங்கள். சாப்பாடு, கால், தூக்கம், காய்ச்சல், இந்த நாலும் வரும் இடங்களில் ஓரத்தில் சின்ன அடையாளம் போடுங்கள். சாப்பாட்டுக்கு வட்டம், காலுக்குக் கோடு, மற்ற இரண்டுக்கும் உங்கள் இஷ்டம். ஐம்பது பக்கம் முடிந்ததும் புரட்டிப் பாருங்கள். அடையாளங்கள் மண்டிக் கிடந்தால் எழுதியவனுக்குச் சிப்பாயின் வாழ்க்கை தெரியும். வெறிச்சென்று இருந்தால் அது தளபதியின் மேசையிலிருந்து எழுதியதாக இருக்கும், அல்லது சினிமாவை மனத்தில் வைத்து எழுதியதாக.

நம் நாட்டில் நடக்கும் கதை என்றால் காய்ச்சல் அடையாளத்தைக் கூடுதலாகத் தேடுங்கள். பர்மாவில் பிரிட்டிஷ் பதினான்காம் படைக்குத் தலைமை தாங்கிய ஸ்லிம், 1943 நிலவரத்தைத் தன் நினைவு நூலில் சொல்கிறார்: காயம்பட்டு வெளியே அனுப்பப்பட்ட ஒவ்வொருவருக்கும் நோய் கண்டு அனுப்பப்பட்டவர்கள் 120 பேர். மலேரியா, சீதபேதி, தோல் புண். மலேரியாவுக்குக் கொடுத்த மெபக்ரின் மாத்திரையால் தோலே மஞ்சளாகிப் போயிற்று. ஆடி மழையில் இந்த ஊரில் ஒரு கொசுவலை கிழிந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? பர்மாக் காட்டில் முந்நூறு பக்கம் சண்டை போட்டும் ஒருவனுக்கும் குளிர்க்காய்ச்சல் வரவில்லை என்றால், அந்த ஆசிரியரை நம்புவதற்கு எனக்கு மனம் வருவதில்லை.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். பாதியில் மூடத் தோன்றினால் மூடிவிடுங்கள். இன்றைய பர்மாவில், வீட்டில் பதினெட்டு வயதுப் பையனை வைத்திருப்பவர்களுக்கு இதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

எழுதியவன் எவ்வளவு தூரத்தில் நின்றான்?

இரண்டாவது நாவலை எடுப்பதற்குள் இந்தக் கேள்வி பழகிவிட வேண்டும். பின்னட்டையைப் பாருங்கள். எழுதியவர் களத்தில் இருந்தவரா, இருந்தவரின் பிள்ளையா, ஊரில் இருந்து கேள்விப்பட்டவரா? களத்தில் இருந்தவர்தான் உண்மையை எழுதுவார் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ரெமார்க் 1917 கோடையில் முன்னணிக்குப் போனவர், சில வாரங்களுக்குள் குண்டுச் சிதறல் பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். மீதியை ஆஸ்பத்திரியில் உடனிருந்தவர்களிடம் காது கொடுத்துக் கேட்டார்.

பிள்ளைகள் எழுதியதில் வேறொரு சுவை உண்டு. நைஜீரிய எழுத்தாளர் பியி பண்டேலேயின் தந்தை பர்மாப் போரில் இருந்தவர். மகன் எழுதிய 'பர்மா பாய்' நாவலில் ஒரு சிறுவன் வயதைக் கூட்டிச் சொல்லிப் படையில் சேர்ந்து நம் காட்டுக்கு வந்து சேர்கிறான். ஆப்பிரிக்கர்கள் இங்கே வந்து சண்டை போட்டார்கள் என்பதே எனக்கு அந்த நாவலைப் படிக்கும்வரை வெறும் வரலாற்று வரியாகத்தான் இருந்தது. ஆஸ்திரேலியரான ரிச்சர்ட் ஃபிளானகனின் தந்தை, பர்மாவுக்கும் சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) இடையே ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதையில் கைதியாக வேலை செய்தவர். 2014இல் புக்கர் பரிசு பெற்ற அவருடைய நாவல் அந்தப் பாதையைப் பற்றியதுதான். பிள்ளைகள் எழுதும்போது, தகப்பன் வாய் திறக்காத இடங்களில் கதை நிற்கும், திரும்பி வரும், மறுபடி அங்கேயே நிற்கும். அதைப் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

தூரத்தில் நின்று எழுதியதற்கு நம் ஊர்க்காரர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய உதாரணம், ஜப்பானியரான தக்கேயாமா மிச்சியோவின் 'பர்மிய யாழ்'. போர் முடிந்த கையோடு எழுதப்பட்டது. மிசுஷிமா என்ற சிப்பாய் யாழ் வாசிப்பான். சரணடைந்த தோழர்கள் ஊர் திரும்பும்போது அவன் மட்டும் பிக்குவாகி இங்கேயே தங்கிவிடுகிறான், கேட்பாரற்றுக் கிடக்கும் பிணங்களை அடக்கம் செய்வதற்காக. ஆனால் தக்கேயாமா அதை எழுதும்வரை பர்மாவைப் பார்த்ததே இல்லை. அதனால் காவி உடுத்த பிக்கு யாழை மீட்டுகிறார்! நம் தெருவில் விடியற்காலையில் சோறு வாங்க வரும் ஒரு சின்னப் பிக்குவிடம் சொன்னால்கூடச் சிரித்துவிடுவார், பாட்டும் வாத்தியமும் அவர்களுக்கு விலக்கு.

அப்படியானால் நாவலைத் தூக்கிப் போட்டுவிடலாமா? நானும் முதல் தடவை அப்படித்தான் செய்தேன். பிறகு, தக்கேயாமா ஓர் ஆசிரியர், அவரிடம் படித்த மாணவர்கள் பலர் போரில் இறந்தார்கள் என்று அறிந்தபின் மறுபடி எடுத்தேன். அவருக்குப் பர்மா தெரியாது, ஆனால் திரும்பி வராத பையன்களைத் தெரியும். அந்த நாவலில் பர்மா பொய், துக்கம் பொய் இல்லை. புதிதாகப் படிக்க வருபவர்கள் இதைப் பிரித்துப் பார்க்கப் பழகினாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

நோட்டில் பெயர்களுக்கு ஒரு பக்கம்

இது சின்ன வேலை. பழைய நாவல்களில் பெகு என்றால் பகோ, புரோம் என்றால் பியே, மோல்மேன் என்றால் மாலமியைன், அக்யாப் என்றால் சித்வே. வீட்டுப் பெரியவர்கள் இன்னமும் பழைய பெயரைத்தான் சொல்வார்கள், பிள்ளைகளுக்குப் புதிய பெயர் மட்டுமே தெரியும். ஒரு பக்கத்தில் இரண்டையும் எழுதி வைத்துக்கொண்டால் போதும். கூடவே நாலு தேதிகள்: ரங்கூனில் முதல் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23, ஜப்பானியர் நுழைந்தது 1942 மார்ச், இம்பால் கோஹிமா முற்றுகை 1944, ஆங்கிலேயர் திரும்பி வந்தது 1945 மே. வேறு வரைபடப் பாண்டித்தியம் தேவையில்லை.

ஒரே ஆற்றின் இரண்டு கரைகள்

மூன்றாவது நாவலிலிருந்து ஜோடியாகப் படியுங்கள். ஒரு பக்கத்தார் எழுதியது ஒன்று, எதிர்ப் பக்கத்தார் எழுதியது ஒன்று. ஏன் என்பதற்கு சிட்டாங் ஆறு ஒன்றே போதும்.

1942 பிப்ரவரி 23 விடியற்காலை, ஜப்பானியர் கையில் சிக்கிவிடுமோ என்று ஆங்கிலேயர் சிட்டாங் பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அவர்களுடைய பதினேழாவது இந்தியப் படைப்பிரிவின் பெரும்பகுதி அப்போது அக்கரையில் நின்றது. நீந்தியும் மூங்கிலைக் கட்டி மிதந்தும் இக்கரை சேர்ந்தவர்களில் பலரிடம் துப்பாக்கி இல்லை, காலில் பூட்ஸ் இல்லை. மூன்று வருடம் கழித்து, 1945 ஜூலை மழையில், பகோ யோமா மலைக்காட்டில் சிக்கிய ஜப்பானியச் சிப்பாய்கள் கிழக்கே தப்பிக்க வந்து விழுந்ததும் அதே ஆற்றில்தான். பசியிலும் வெள்ளத்திலும் ஆயிரக்கணக்கில் போனார்கள். இரண்டு தரப்பையும் படித்தவனுக்கு ஆறு ஒன்றுதான் என்பது தானே விளங்கும்.

தமிழர்களுக்கோ இரண்டு கரையிலும் ஆள் இருந்தது. பதினான்காம் படைக்குப் பாலமும் பாதையும் போட்டவர்களில் மதராஸ் சாப்பர்கள் உண்டு. 'தம்பி' என்பதே அவர்களுக்குப் படையில் பட்டப்பெயர். எதிரே இந்திய தேசிய ராணுவத்தில், நேதாஜியின் குரல் கேட்டு மலாயா ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த தமிழ்ப் பையன்கள், ஜான்சி ராணிப் படையில் தமிழ்ப் பெண்கள். 1945இல் ஜப்பானியர் ரங்கூனைக் கைவிட்டுப் போனபோது ஊரில் கொள்ளை நடக்காமல் பார்த்துக்கொண்டது, ஜெனரல் லோகநாதன் தலைமையில் பின்தங்கிய அந்தப் படைதான்.

இந்தப் பிளவை உள்ளிருந்து காட்டும் நாவல்கள் இரண்டைச் சொல்கிறேன். அமிதவ் கோஷின் 'த கிளாஸ் பேலஸ்' 1885 மாண்டலேயில் தொடங்குகிறது. அதில் வரும் அர்ஜுன் ஆங்கிலேயப் படையின் இந்திய அதிகாரி. யாருக்காக இந்தத் துப்பாக்கியைத் தூக்கியிருக்கிறோம் என்று மலாயாக் காட்டில் அவன் தடுமாறும் பக்கங்களை மெதுவாகப் படியுங்கள். இன்னொன்று ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி', 1972இல் வந்தது. மெடானிலும் பினாங்கிலும் வட்டிக்கடை வாசனையோடு நடக்கும் போர்க்கால நாவல். நாயகன் பாண்டியன் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்கிறவன். சிங்காரம் தாமே போர்க்காலத்தில் இந்தோனேசியாவில் இருந்தவர்.

புதியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: சிங்காரத்தில் மலாய்ச் சொல், செட்டிநாட்டுக் கடைமொழி, சங்கப் பாட்டு எல்லாம் ஒரே மூச்சில் வரும். நம் பிள்ளைகளில் பலர் பர்மிய மொழியில் பள்ளி படித்தவர்கள், தமிழை எழுத்துக் கூட்டி வாசிக்கிறவர்கள். அவர்கள் வாய்விட்டுப் படிக்க வேண்டும், கண்ணால் படித்தால் தடுக்கும். பாண்டியன் தனக்குள் பேசிக்கொள்ளும் நீண்ட பகுதிகளை முதல் தடவை தாண்டிப் போனாலும் குற்றமில்லை. புத்தகத்துக்குச் சென்னை போய்வரும் உறவினர்களைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. பெட்டியில் புடவைக்குக் கீழே இரண்டு புத்தகத்துக்கு இடம் இருக்கும், கேட்டால் கொண்டுவருவார்கள்.

யார் பெயர் வரவில்லை என்று பாருங்கள்

நாலைந்து நாவல் ஆனதும் பென்சிலின் பின்பக்கத்துக்கு ஒரு வேலை. பெயரில்லாமல் வந்துபோகிறவர்களைத் தேடுங்கள். 'கூலிகள் சிலர் மூட்டை தூக்கினார்கள்', 'தமிழன் ஒருவன் வழி காட்டினான்' என்று அரை வரியில் வருவார்கள். அவர்களில் யாராவது நம் வீட்டுக்காரராக இருக்கலாம்.

சயாம் ரயில் பாதையை எடுத்துக்கொள்வோம். பர்மாவின் தன்பியூசயாட்டிலிருந்து சயாமின் பான்போங் வரை 415 கிலோமீட்டர். வேலை செய்த வெள்ளைக்காரக் கைதிகள் 60,000க்கு மேல், இறந்தவர்கள் 12,000க்கு மேல். ஆசியத் தொழிலாளர்கள் ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர், இறந்தவர்கள் 90,000 அளவில் என்று கணிக்கிறார்கள். அவர்களில் மலாயாத் தமிழர்கள் ஏராளம், பர்மியர்களும் ஏராளம். பர்மியர்களில் பிடித்துப் போனவர்களுக்கு 'வேர்வைப் படை' என்று பெயர். தன்பியூசயாட் போர் மயானத்துக்குப் போய்ப் பாருங்கள். செதுக்கி வைத்த புல்வெளியில் 3,700க்கு மேற்பட்ட கல்லறைகள், ஆங்கிலேயர், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர். தமிழ்த் தொழிலாளிக்கு அங்கே ஒரு கல் இல்லை. நாவல்களும் பெரும்பாலும் அந்த மயானத்தைப் போலத்தான் இருக்கின்றன.

யாங்கூன்காரர்களுக்கு அவ்வளவு தூரம் முடியாது என்றால் தாவ்ச்சான் போர் மயானம் இருக்கிறது, பியே சாலையில் வடக்கே 35 கிலோமீட்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய்வரலாம். கையில் நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் நாவலை எடுத்துப் போங்கள். 6,374 கல்லறைகள், நடுவே உயரமான தூண்கள், தூண்களில் உடல் கிடைக்காத ஏறக்குறைய 27,000 பேரின் பெயர்கள். மதராஸ் படைப்பிரிவுகளின் பெயர்களுக்குக் கீழே நின்று தேடினால் நம் பெயர்கள் வரும். சுதந்திர மனிதர் அனைவருக்காகவும் அவர்கள் இறந்தார்கள் என்ற வாசகத்தை ஆங்கிலம், பர்மியம், இந்தி, உருது, குருமுகி என்று ஐந்து எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். தமிழில் இல்லை. எனக்கு அன்று கோபம் வந்தது. பிறகு அந்தத் தூண் நிழலிலேயே உட்கார்ந்து கொண்டுபோன புளிச்சோற்றைச் சாப்பிட்டோம்.

கடைசி வேலை, அவசரமானது

குண்டு விழுந்தபோது பத்து வயது இருந்தவர்கள் இப்போது தொண்ணூறைத் தாண்டியவர்கள். நாவல் காத்திருக்கும், அவர்கள் காத்திருக்க மாட்டார்கள். எனவே மேலே சொன்ன வரிசையை முடித்துவிட்டுத்தான் போவேன் என்று இருக்காதீர்கள்.

கேட்பதற்கு ஒரு முறை உண்டு. "ஜப்பான்காரன் காலம் எப்படி இருந்தது?" என்று கேட்டால், "கஷ்டம் தம்பி" என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும். "பயமாக இருந்ததா?" என்பது அதைவிட வீண். நாவலில் போட்ட அதே நாலு அடையாளங்களைக் கேள்வியாக்குங்கள். என்ன சாப்பிட்டீர்கள்? எங்கே தூங்கினீர்கள்? காய்ச்சலுக்கு என்ன மருந்து? காலில் என்ன போட்டிருந்தீர்கள்? பேசும்போது செல்பேசியை முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள். கோயில் பிரசாதமோ வெற்றிலையோ கொண்டுபோங்கள். நடந்து இந்தியா போன கதை வந்தால் குறுக்கே பேசவே கூடாது. 1942இல் அப்படி நடந்தவர்கள் பல லட்சம், வழியில் விட்டுவந்த பிள்ளையின் பெயர் எந்த நொடியிலும் வாயில் வரலாம்.

பகோவுக்கு அப்பால், சிட்டாங் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எனக்குத் தெரிந்த பாட்டி ஒருவரிடம் இப்படித்தான் கேட்டேன். 1945 மழைக்காலத்தில் அவர்களுக்கு வயல் நடுவே வீடு. ஒரு ராத்திரி ஜப்பான் சிப்பாய் ஒருவன் தனியாக வந்து திண்ணையில் விழுந்தானாம்.

"துப்பாக்கி வைத்திருந்தானா பாட்டி?"

"அதைப் பார்க்கவில்லை. கால்தான் பார்த்தேன். வெளுத்து ஊறி, மீன் மாதிரி இருந்தது. பூட்ஸைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்திருந்தான்."

அம்மா பழைய சோறு கொடுத்திருக்கிறார். விடிவதற்குள் அவன் போய்விட்டான். பூட்ஸைத் திண்ணையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தான், மறந்தா, சோற்றுக்கு விலையாகவா என்று பாட்டிக்குத் தெரியவில்லை.

"அதை என்ன செய்தீர்கள்?"

"அப்பா பிரித்து அறுத்து எனக்கும் தம்பிக்கும் செருப்புத் தைத்தார். தம்பிக்குச் சரியாக இருந்தது. எனக்குத்தான் பெரிது, நடந்தால் கழன்று கழன்று விழும்."